இடது கை

செவ்வாயும் வியாழனும்
இடது கையை விற்றுவிட்டு
வலது கையோடு வகுப்புக்குப் போகிறேன்.

மார்ச் முடியப்போகிறது.
ஈரி ஏரியின் காற்றுக்கு அதை யாரும் சொல்லவில்லை.
பேருந்து நிறுத்தத்தில் நிற்பவளை மட்டும்
தேடி வந்து அறைகிறது.

பிளாஸ்மா மையம் முன்பு செருப்புக் கடை.
இப்போது சாய்வு நாற்காலிகள் இருக்கும் வரிசையில்தான்
மூத்தவனுக்கு முதல் ஷூ வாங்கினோம்.
ரஸ் முழங்காலிட்டு நாடா கட்டிவிட்டான்.
அப்போது அவனால் முழங்காலிட முடிந்தது.

விரல்நுனியில் ஒரு குத்து. எடை சரி. புரதம் சரி.
தண்ணீர் குடித்தீர்களா? சாப்பிட்டீர்களா?
இரண்டுக்கும் ஆம் என்கிறேன்.
ஒன்று உண்மை.

ரத்தம் சிந்திப் படிக்கிறாள் லொரேன் என்று
சர்ச்சில் ஒருத்தி சொன்னாளாம்.
பாவம், உவமை என்று நினைத்துச் சொல்லியிருப்பாள்.

வைக்கோல் நிறத்தில் புட்டி நிரம்புகிறது.
சிவப்பை எனக்கே திருப்பித் தருகிறார்கள்,
குளிர்ந்துபோய்.
அந்தக் குளிர் தோள்வரை ஏறும்போது
மடியில் பழைய புத்தகம், பத்தொன்பதாம் அத்தியாயம்:
நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு பிளாஸ்மா.
எனக்கு முன் இதை வைத்திருந்தவள்
அந்த வரியைப் பச்சை மையில் அடிக்கோடிட்டிருக்கிறாள்.
எனக்குத் தேவைப்படவில்லை.

இரவு, எல்லோரும் உறங்கிய பிறகு
உதவித்தொகைப் படிவம்.
இரண்டு வருடம் முந்தைய வருமானம் வேண்டுமாம்.
இரண்டு வருடம் முன்பு
ரஸ்ஸின் முதுகெலும்பு நேராக இருந்தது,
வார்ப்பு ஆலையில் ஓவர்டைம் இருந்தது.
படிவத்தின் கணக்கில்
நாங்கள் இன்னும் வசதியானவர்கள்.

வீட்டில் எத்தனை பேர்?
ஆறு என்று எழுதினேன். அழித்தேன்.
நான், ரஸ், பிள்ளைகள் மூன்று.
சோபாவில் குறட்டை விடும் கொழுந்தன் டுவைட்
வரிக் கணக்கில் இல்லை,
ரொட்டிக் கணக்கில் இருக்கிறான்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மின்சாரக் கம்பெனியின் கடிதம்
ஜனவரியில் வெள்ளை,
பிப்ரவரியில் மஞ்சள்,
இப்போது இளஞ்சிவப்பு.
அடுத்த நிறம் கறுப்பு.
அதற்குக் கடிதம் வராது.

நேற்று பயிற்சி அறையில்
ரப்பர் கைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு
இன்று ஒருவர் கையில் ஒருவர் என்றார் ஆசிரியை.
என் முழங்கை மடிப்பைப் பார்த்தார்.
அம்மைத் தழும்புபோல் ஒரு சிறு குழி.
கையுறையைக் கழற்றினார், குரலைத் தாழ்த்தினார்:
எவ்வளவு நாளாக?
அவர் பயந்தது எதற்கு என்று புரிந்தது.
செப்டம்பரிலிருந்து, மேடம்.
செவ்வாய், வியாழன். பெயர்ப்பலகை உள்ள இடம்தான்.
கொஞ்ச நேரம் எதையோ தேடுபவர்போல்
தட்டிலிருந்த பஞ்சுகளை எண்ணினார்.
பிறகு எல்லோரிடமும் சொல்வதுபோல் சொன்னார்:
இடது கை ஓய்வெடுக்கட்டும்.

எனக்குக் கிடைத்த ஜோடி ட்ரெவான்,
பத்தொன்பது வயது, ஆறடி உயரம்,
ஊசியைவிட அதிகம் நடுங்கினான்.
முதல் குத்து தசையில்.
இரண்டாவது எங்கே போனதென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க.
கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்றேன்.
செருப்புக் கடையில் கற்றது.
மூன்றாவதில் குழாய்க்குள் சிவப்பு எட்டிப்பார்த்தது.
அவன் அழுதுவிட்டான்.
இத்தனை மாதத்தில்
காசில்லாமல் நான் கொடுத்த முதல் ரத்தம்.

வீட்டில் ரஸ்
இரண்டு கைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
இரண்டுமா?
இது பாடம் என்றேன். அது கட்டணம்.
சிரிக்க முயன்று
முதுகைப் பிடித்துக்கொண்டான்.

தொட்டியில் மக்ரோனிப் பாத்திரம் காய்ந்து கிடந்தது.
யாரும் சொல்லாமலே டுவைட் எழுந்து
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
அதைத் தேய்க்கத் தொடங்கினான், சத்தமாக,
பாதி தண்ணீர் தரையில்.

நான் படிவத்தை எடுத்தேன்.
வலது கை வலித்தது.
ஆறு.